தெற்குச் சுவரில் தொங்கிய கடல்

பூகோளம் நடத்த வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, என் மானத்தை நானே வாங்கிக்கொண்டு தொடங்குகிறேன். பாய்மரக் கப்பல்கள் உலகத்தைச் சுற்றிய கதையைத் தென்காசியில் நான் இரண்டு வருஷம் பாடமாக நடத்தினேன். அந்த இரண்டு வருஷமும் நான் கடலைப் பார்த்தவன் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்தில் கடல் இருக்கிறது, ரயில் ஏறினால் போய்விடலாம். போகவில்லை. பிறந்தது வடகரை, படித்தது திருநெல்வேலி, வேலை தென்காசி. கடல் எப்படி சார் இருக்கும் என்று ஒரு பையன் கேட்டபோது, "எங்க ஊர்க் குளம் பெருகி, எதுத்த கரை தெரியாமப் போனா எப்படி இருக்கும், அப்படித்தாம்லே" என்று சமாளித்தேன். அவனும் நம்பினான். இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

முப்பதுகளின் கடைசி அது. வேலை தற்காலிகம். இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வடகரைக்குப் போக வேண்டியதுதான். அங்கே என் மனைவியின் அண்ணன், என் மச்சான், தேங்காய்க் களம் வைத்திருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வாத்தியார் வேலை போனா என்ன மாப்ளே, நம்ம களத்துல தேங்கா உரிக்கதுக்கு ஆள் இல்லாமத்தான் கெடக்கு" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்புக்குப் பயந்தே அவர் களத்துப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். இன்ஸ்பெக்டர் எழுதப் போகிற நாலு வரிதான் எனக்கும் அந்தத் தேங்காய்க்கும் நடுவில் நின்றது.

பள்ளிக்கூடத்தில் நல்ல உலகப்படம் கிடையாது. திசைகாட்டி ஒன்று உண்டு. அதன் முள் துருவேறி எந்நேரமும் ஹெட்மாஸ்டர் அறையையே காட்டும். அதனால் என் கல்யாண வேட்டியை எடுத்து, கரியையும் மையையும் குழைத்து, நானே உலகப்படம் வரைந்தேன். வெறும் கோடுதான். பெயர் எழுதவில்லை. நீலம் பூச வழியில்லாததால் கடலும் தரையும் ஒரே வெள்ளை. மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த வேட்டியை வகுப்பின் வடக்குச் சுவரில் தொங்கவிட்டு மூன்றாம் பாரத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது இன்றைய எட்டாம் வகுப்புக்கு, கப்பல் ஓட்டினேன். மற்ற பாடங்களைச் சுமாராக நடத்தினேன் என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கப்பல் பாடத்தில் நான் ராஜா. போர்ச்சுகலிலிருந்து இந்தியாவுக்கு வழி தேடிப் புறப்பட்டவர்கள், ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே தெற்கே போகாமல், காற்றைத் தேடிக் கரையை விட்டு மேற்கே நடுக்கடலுக்குள் போன கதை இருக்கிறதே, அதை நான் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். கிழக்கே இருக்கிற இந்தியாவுக்குப் போக வேண்டியவன் எதற்கு மேற்கே போனான்? அங்கேதான் அவனுக்குக் காற்று இருந்தது. கரை கண்ணுக்குத் தெரியவில்லை, குடிதண்ணீர் நாறுகிறது, பல் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது, ஆனாலும் திசையை விடவில்லை. அந்தத் தலைமை மாலுமியின் பேரைப் பிள்ளைகள் வாயில் நுழைய வைப்பதற்குள் பாதி பீரியட் போய்விடும் என்று, அவரைப் போர்ச்சுகல்காரர் என்றே வைத்துக்கொண்டோம்.

இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருக்கிறவர்கள் இதற்குள் கண்டிருப்பீர்கள். எங்களுக்கு இடது வலது என்கிற பேச்சே கிடையாது. "கொஞ்சம் வடக்க தள்ளி உக்காரு", "செம்பு தெக்க இருக்கு பாரு", எல்லாம் திசைதான். கிழக்குப் பக்கத்துப் பல் வலிக்கிறது என்று டாக்டரிடம் சொன்ன அத்தை எனக்கு உண்டு. அவர் பாவம், நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்றபோது வலித்தது அம்மா என்று கேட்டாராம். மலை தெரிகிற பக்கம் மேற்கு. அதை வைத்து மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். மூடிய அறைக்குள் விட்டாலும் எங்கள் ஊர்ப் பிள்ளை திசை தப்பாது. நானும் அப்படி வளர்ந்தவன்தான். அதனால்தான் வந்தது வினை.

இன்ஸ்பெக்டர் வரப்போவது ஆனி மாதக் கடைசியில் என்று தெரிந்தது. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. சாரல் தென்காசி வரைக்கும் வந்து தெருவெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. அவர் வருகிற நாளுக்கு முந்தின ராத்திரி பெய்ததில் எங்கள் வகுப்பின் வடக்குச் சுவர் ஓதம் ஏறி, மேலேயிருந்து தண்ணீர் வடிந்தது. பியூன் சுடலைமுத்து அண்ணாச்சி காலையிலேயே வந்து பார்த்திருக்கிறார். வேட்டி நனைந்தால் கோடெல்லாம் கரைந்துவிடும் என்று, அதைக் கழற்றி எதிர்ப்புறம் தெற்குச் சுவரில் தொங்கவிட்டு, பெஞ்சுகளையும் ஒற்றை ஆளாகத் திருப்பிப் போட்டுவிட்டார்.

நான் வந்து பார்த்தேன். ஏதோ சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி மனசுக்குள் ஒரு நெருடல். ஆனால் இன்ஸ்பெக்டர் வருகிற பதற்றத்தில் அது எங்கே தங்குகிறது?

"எப்படி சார் இருக்கு? தண்ணி தப்பிச்சிட்டு பாத்தேளா?" என்றார் அண்ணாச்சி.

"நல்ல காரியம் செஞ்சீங்க அண்ணாச்சி, நீங்க இல்லேன்னா என் கதி அதோகதிதான்" என்றேன். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்கு வர வேண்டிய இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு வந்தார். பட்டணத்துக்காரர். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வரலாம் என்று கிளம்பி, வழியில் மூன்று பேரைக் கேட்டு, கடைசியில் கோவில் வாசலில் போய் நின்றிருக்கிறார். வரும்போதே முகம் சுண்டியிருந்தது. பின்னால் ஹெட்மாஸ்டர், அவருக்குப் பின்னால் அண்ணாச்சி.

"என்ன பாடம்?"

"கடல் வழி கண்ட வரலாறு ஐயா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் ராஜபாட்டையிலேயே வந்து மாட்டினார் என்று நினைத்தேன். இசக்கி என்கிற பையனை எழுப்பினேன். வகுப்பிலேயே கப்பல் பாடம் நன்றாகத் தெரிந்தவன். குச்சியைக் கையில் கொடுத்து, போர்ச்சுகல்காரர் எப்படிப் போனார், காட்டு என்றேன்.

போர்ச்சுகலைச் சரியாகத் தொட்டான். தெற்கே இறங்கினான். "இங்கன வந்ததும் காத்தைத் தேடி மேக்க போனாவ ஐயா" என்று கணீரென்று சொல்லிக் குச்சியை இழுத்தான் பாருங்கள், குச்சி நேராக ஆப்பிரிக்காவுக்குள் போயிற்று.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஓய், கப்பல் பாலைவனத்தில் ஏறிவிட்டதே!"

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் செய்தது தப்பு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அடுத்தவனை எழுப்பி, அரபிக்கடலைத் தொடு என்றார் இன்ஸ்பெக்டர். அவன் கொஞ்சம் தயங்கி, இந்தியாவுக்கு மறுபக்கம் வங்காள விரிகுடாவில் கை வைத்து, "மேக்க இருக்கது இதுதான ஐயா, மலைக்கு அங்கிட்டு" என்றான். மூன்றாவது பையனிடம், போர்ச்சுகலிலிருந்து பார்த்தால் இந்தியா எந்தத் திசை என்று கேட்டார். "மேக்க" என்றான். கடைசி பெஞ்சு வரை எல்லாத் தலையும் ஆமாம் என்று ஆடியது.

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பென்சிலால் எழுதத் தொடங்கினார். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் தேங்காய் உரிக்கிற பாரை தெரிந்தது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக வெளுக்க வேண்டும் போல இருந்தது. இரண்டு வருஷம் தொண்டை வற்றக் கத்தினேனே, பாவிகளா!

"ஏலே இசக்கி, மேக்க ஜன்னல்ல பெரம்பு கெடக்கு, எடுத்துட்டு வா!"

அவன் போனான். நேராக மேற்கு ஜன்னலுக்குப் போய்ப் பிரம்பை எடுத்தான். முந்தின நாள் வரைக்கும் அந்த ஜன்னல் அவனுக்கு இடக்கைப் பக்கம். இன்றைக்கு பெஞ்சைத் திருப்பிப் போட்டதால் வலக்கைப் பக்கம். ஒரு நொடி கூட அவன் தடுமாறவில்லை. நான் மேற்கு என்றேன், அவன் மேற்கே போனான், அவ்வளவுதான்.

பிரம்பைக் கையில் வாங்கிக்கொண்டு நான் அப்படியே நின்றேன். அட கோட்டிக்காரா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வடக்குச் சுவரில் படம் தொங்கியபோது படத்தின் மேற்கும் மலையின் மேற்கும் ஒரே பக்கத்தில் இருந்தன. இன்றைக்குத் தெற்குச் சுவரில் தொங்குகிறது. படத்தின் மேற்கு கிழக்கே போய்விட்டது. பிள்ளைகளோ படத்தைப் பார்க்கவே இல்லை, மலையைப் பார்த்துக் குச்சியை நீட்டுகிறார்கள். குச்சி மேற்கேதான் போனது. பாலைவனம்தான் குறுக்கே வந்து நின்றது.

பிரம்பை மேஜைக்கு அடியில் போட்டேன். "ஐயா, அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கிடணும். படத்தைக் கீழ இறக்கிக்கிடுதேன்" என்றேன். அவர் பதில் சொல்வதற்கு முன்னாலேயே நானும் அண்ணாச்சியும் வேட்டியைக் கழற்றிவிட்டோம். பெஞ்சுகளை ஒதுக்கி, வடதுருவம் நிஜமான வடக்கைப் பார்க்கும்படி தரையில் விரித்தேன். பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தினேன்.

"இசக்கி, இப்ப நீதாம்லே கப்பல். நடந்து காட்டு."

"ஆப்பிரிக்காவ மிதிக்கலாமா சார்?"

"கரையை மிதிச்சா கப்பல் ஒடஞ்சிரும். கடல்லயே நட."

பையன் போர்ச்சுகலில் நின்றான். தெற்கே அடிமேல் அடி வைத்து இறங்கினான். "இங்கன காத்து இல்ல" என்று கரையை விட்டு விலகி மேற்கே நடந்தான். இப்போது கால் நடுக்கடலில் இருந்தது. "காத்து கெடச்சிட்டு" என்று வளைந்து கிழக்கே வந்து, ஆப்பிரிக்காவின் தென்முனையைக் குதிகாலால் சுற்றி, வடக்கே ஏறினான். ஒரு துறைமுகத்தில் நின்று மூச்சு வாங்கினான்.

"இங்கே எதற்கடா நிற்கிறாய்?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் தன்னையறியாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல அவ்வொளுக்கு வழி தெரியாது ஐயா. உள்ளூர்க்காரன் ஒருத்தன ஏத்திக்கிட்டாவ. அவனுக்குத்தான் எப்பம் காத்து வரும், எந்தத் தெசைக்குத் தள்ளும்னு தெரியும்."

சொல்லிவிட்டு அரபிக்கடலைத் தாண்டிக் கோழிக்கோட்டில் வந்து நின்றான். அந்த நேரம் பார்த்து மேற்கு வாசல் வழியாக ஒரு காற்று அடித்தது. வேட்டியின் ஓரம் தூக்கியது. சாரல் பொடியாக வந்து இந்தியாவின் மேற்குக் கரையை நனைத்தது. அண்ணாச்சி ஓடிப்போய் முனையைக் காலால் அமுக்கினார்.

"அந்தக் காத்துதான் ஐயா இது" என்றான் இசக்கி. "கப்பல அங்கன விட்டுட்டு, மலையேறி நம்ம ஊருக்கு வந்துட்டு."

இதை நான் சொல்லிக் கொடுத்ததில்லை. சத்தியமாக இல்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சாரல் என்று துடைத்துக்கொண்டேன்.

ஆனால் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தபோது பழைய முகத்தோடுதான் நிமிர்ந்தார். "எல்லாம் சரி ஓய். பரீட்சையில் காகிதத்தில் படம் கொடுப்பார்கள். இந்தப் பையன்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்களோ? அப்போதும் வேட்டியைத் தரையில் விரிப்பீரா?"

கேள்வி நியாயம்தான். நான் பதில் சொல்வதற்குள் ஹெட்மாஸ்டர் அண்ணாச்சி பக்கம் திரும்பி, "ஏன்வே சுடலைமுத்து, யாரைக் கேட்டுப் படத்தை மாத்துனீரு? நேத்து வரைக்கும் எல்லாம் சரியாத்தான இருந்தது?" என்று பாய்ந்தார்.

அண்ணாச்சி துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். தம்பிகளே, தப்பிக்க எனக்கு ஒரு வாசல் திறந்தது. படம் மாறியதால் வந்த குழப்பம் என்று நான் ஒரு தலையாட்டல் ஆட்டியிருந்தால் போதும். வேலை பிழைத்திருக்கும். அண்ணாச்சிக்கு என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. காலையில் நான் சொன்ன நல்ல காரியம் செஞ்சீங்க என்கிற வார்த்தை அந்த அறைக்குள்ளேதான் இன்னும் இருந்தது.

"படம் நனையாமக் காப்பாத்துனது அவரு. பாத்துட்டு நல்ல காரியம்னு சொன்னது நான்" என்றேன். "நேத்து வரைக்கும் சரியா இருந்ததும் என் கெட்டிக்காரத்தனம் இல்ல ஐயா, வடக்குச் சுவர் செஞ்ச உபகாரம். திசை இந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்ததுல இருந்தே தெரியும். படம் பாக்கத்தான் நான் சொல்லிக் கொடுத்திருக்கணும். கொடுக்கல. இனிமே தினமும் ஒரு சுவரா மாத்தி மாத்தித் தொங்கவிடுதேன். கப்பல் எப்படித் திரும்பினாலும் மாலுமி கையில இருக்கிற படத்துக்கு வடக்கு மாறாதுன்னு அவங்களுக்குப் புரியுற வரைக்கும்."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். குற்றாலத்தில் தங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் குதிரை வண்டி ஏறிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், உன் அண்ணன் களத்தில் பாரை எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "படம் வரைஞ்ச வேட்டியக் கட்டிக்கிட்டுக் களத்துக்குப் போங்க, அழுக்குத் தெரியாது" என்றாள். அந்த நிலைமையிலும் இருவரும் சிரித்தோம்.

மறுநாள் காலை ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட மறந்த ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்துக் குற்றாலத்துக்குப் போகச் சொன்னார். "அவர் என்ன எழுதினாலும் மொகத்தச் சுளிக்காம வாங்கிட்டு வாரும்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்.

அருவிக்கரையில் சரியான கூட்டம். நனைந்த மனிதர்களுக்கு நடுவில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். கோட்டு இல்லை, தலைப்பாகை இல்லை. இடுப்பில் ஒரு துண்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய். ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் அவர் முதுகில் படபடவென்று தட்டிக்கொண்டு, உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் தெக்க திரும்புங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"தெக்கய்யா, தெக்க! இது வடக்குல்லா?"

இன்னொரு பக்கம் திரும்பினார்.

"இது மேக்கு. என்னய்யா, படிச்ச ஆளா இருக்கிய, தெக்கு வடக்கு தெரியலியே!" என்று சொல்லி, அவரைத் தோளோடு பிடித்துப் பானையைத் திருப்புவது போலத் திருப்பி வைத்தார்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். எண்ணெய் வழிகிற முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "ஓய், இந்த ஆளும் உம்ம கிளாஸில் படித்தவரா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நானும் அடக்கி அடக்கிப் பார்த்துக் கடைசியில் சிரித்துவிட்டேன்.

"நேற்று ஸ்டேஷனிலிருந்து வரும்போது மூன்று பேரிடம் வழி கேட்டேன். மூன்று பேரும் மேக்க போங்க, வடக்க போங்க என்றார்கள். ஒருத்தரும் தப்பாகச் சொல்லவில்லை. நான்தான் தப்பாகப் போனேன். இத்தனை வருஷமாக ஊர் ஊராகப் பூகோளம் சோதித்துக்கொண்டிருக்கிறேன் ஓய்!" என்றவர், ரிஜிஸ்டரை வாங்கித் தொடைமேல் வைத்துக்கொண்டார். என் பேனாவைக் கேட்டு வாங்கி அங்கேயே எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த வரிகள் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்: 'இவ்வூர் மாணவர்களுக்குத் திசை தெரிகிறது, படம் தெரியவில்லை. ஆசிரியர் தம் தவறைத் தாமே கண்டுகொண்டார், பிறர்மேல் போடவில்லை. நிரந்தரம் செய்யலாம்.' பக்கத்தின் ஓரத்தில் அவருடைய பெருவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை. அந்தக் கறை கடைசி வரைக்கும் போகவே இல்லை.

நீங்களும் ஒருநாள் ஒரு வகுப்பின் முன்னால் நிற்பீர்கள். மொத்த வகுப்பும் ஒரே தப்பை ஒரே மாதிரி, கொஞ்சமும் கூசாமல் சொல்லும். அப்போது பிரம்பைத் தேடாதீர்கள். பிள்ளைகள் எங்கே நின்றுகொண்டு அதைச் சொல்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கே எனக்கு ஒரு வேட்டி செலவாயிற்று.

ரிஜிஸ்டரை மார்போடு பத்திரமாக அணைத்துக்கொண்டு நான் புறப்பட்டபோது, எண்ணெய் தேய்க்கிறவர் மறுபடியும் தொடங்கிவிட்டார். "ஐயா, கெழக்க திரும்புங்க, இந்தப் பக்கம் பாக்கி இருக்கு."

இன்ஸ்பெக்டர் திரும்பவில்லை. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் அந்த ஆளுக்குத் தெரியாமல் ரிஜிஸ்டருக்குப் பின்னாலிருந்து ஒரு விரலை நீட்டிக் காட்டினேன். அவர் சரியாகக் கிழக்கே திரும்பி உட்கார்ந்தார்.

வேலை நிரந்தரமான பிறகு நான் நடத்திய முதல் பாடம் அதுதான்.